டெக்சாஸ் துப்பாக்கி லைசென்ஸோடு பூங்காவுக்குள் போகலாமா?

கேட்டவர் டல்லாஸ் பக்கம் குடியிருக்கிறார். கிரீன் கார்டு வந்து இரண்டு வருடம். முறையாக வகுப்புக்குப் போய், சுட்டுக் காட்டித் தேர்ச்சி பெற்று, டெக்சாஸ் மாநிலத்தின் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வாங்கியிருக்கிறார். கோடை விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகள், எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் மச்சான் எல்லோரும் ஒரே வண்டியில் டென்வர் வழியாக யெல்லோஸ்டோன் போகிறார்கள். ஆகஸ்டில் விமானத்தில் நியூயார்க், உறவினர் வீடு. "காட்டில் கரடி இருக்கும், ராத்திரி கூடாரத்தில் தங்குவோம். பார்க்குக்குள் லைசென்ஸ் உள்ள துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாமா?" என்பது கேள்வி.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். யெல்லோஸ்டோனில் நீங்கள் வைத்துக்கொள்ளலாம். டென்வர் நகரப் பூங்காக்களில் கூடாது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் கூடவே கூடாது. உங்கள் மச்சான் கையில் எந்த இடத்திலும் இருக்கக் கூடாது. நான் வக்கீல் இல்லை. ஆனால் மலையேறப் போகும் நம் ஆட்கள் பலருக்காக இந்தச் சட்டங்களைப் பல வருடமாகப் படித்து வருகிறேன். அதனால் நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட மச்சான் விஷயத்திலிருந்துதான் தொடங்கப் போகிறேன். இந்தப் பயணத்தில் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஃபெடரல் அரசின், அதாவது அமெரிக்க மத்திய அரசின், துப்பாக்கிச் சட்டத்தில் 922ஆம் பிரிவு, யாரெல்லாம் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் தருகிறது. தண்டனை பெற்ற குற்றவாளிகள் இருக்கும் அதே பட்டியலில், குடியேற்றம் அல்லாத விசாவில் உள்ளே வந்தவர்களும் இருக்கிறார்கள். எச்-1பி, கம்பெனி மாற்றலில் வருபவரின் எல்-1, படிக்க வருபவரின் எஃப்-1, பார்க்க வரும் அப்பா அம்மாவின் பி-2 எல்லாம் இதில் அடங்கும். 'வாங்கக் கூடாது' என்பதோடு சட்டம் நிற்கவில்லை, 'வைத்திருக்கக் கூடாது' என்கிறது. ஒருவர் கைக்கு எட்டும்படி, அவர் கட்டுப்பாட்டில் ஒரு பொருள் இருந்தாலே அது வைத்திருப்பதாக எடுத்துக்கொள்ளப்படலாம். நீங்கள் குளிக்கப் போகும்போது "இதைக் கொஞ்சம் பார்த்துக்கோ" என்று பையை மச்சானிடம் கொடுப்பது, கூடாரத்தில் அவர் தலைமாட்டில் வைப்பது, துப்பாக்கி இருக்கும் வண்டியை அவர் தனியாக ஓட்டிப்போய் பெட்ரோல் போட்டு வருவது எல்லாமே சிக்கல். 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்கு அதிகபட்ச தண்டனை 15 ஆண்டுச் சிறை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு ஒரு விதிவிலக்கு உண்டு என்பது நிஜம்தான். அதை நம்பி, வேட்டைக்குச் சம்பந்தமே இல்லாத பயணத்தில் ஒரு கைத்துப்பாக்கியை அவர் கையில் கொடுக்காதீர்கள். லாஸ் வேகாஸில் சுடும் தளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியோடு படம் எடுத்துப் போடும் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்கிறேன். கையில் வாங்கிய நொடியே அது 'வைத்திருப்பது'தான்.

அடுத்தது நீங்கள். கிரீன் கார்டு உள்ளவர் துப்பாக்கி வாங்கலாம், வைத்திருக்கலாம், டெக்சாஸில் லைசென்ஸும் பெறலாம். அந்தப் பட்டியலில் நீங்கள் இல்லை. ஆனால் குடிமகன் ஒருவர் தடை செய்யப்பட்ட பூங்காவில் துப்பாக்கியோடு பிடிபட்டால் பல ஊர்களில் அபராதத்தோடோ சில மாதத் தண்டனையோடோ போகும். அதே தவறுக்கு நீங்கள் தண்டிக்கப்பட்டால், குடியேற்றச் சட்டத்தில் துப்பாக்கிக் குற்றங்களுக்கென்றே இருக்கும் ஒரு பிரிவு உங்களை நாடு கடத்தத்தக்கவராக ஆக்கிவிடும். வைத்திருந்தது, கொண்டுபோனது தொடர்பாக எந்தத் துப்பாக்கிச் சட்டத்தை மீறிய தண்டனையும் அதற்குப் போதும், பெரிய குற்றமாக இருக்க வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் வரிசையில் நின்று வாங்கிய அட்டை ஒரு பிற்பகல் நடையில் போய்விடலாம். இந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் துப்பாக்கி அறிவுரைகளில் இந்த விஷயம் வரவே வராது. அவர்களுக்கு அது தேவையில்லை. நமக்குத் தேவை.

இனி பூங்கா. 'பார்க்' என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். சட்டம் பார்ப்பது அந்த மண் யாருடையது என்று. தேசியப் பூங்கா ஃபெடரல் அரசுடையது, ஸ்டேட் பார்க் மாநிலத்துடையது, பிள்ளைகள் ஊஞ்சலாடும் தெருமுனைப் பூங்கா நகராட்சியுடையதோ, மாவட்டம் போன்ற கவுன்டியுடையதோ. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு.

தேசியப் பூங்காவின் கதை நீளமானது. யெல்லோஸ்டோன் 1872இல் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது அங்கே வேட்டை சர்வசாதாரணம். எருமையும் எல்க் மானும் அழிந்துகொண்டிருந்தன. 1886இல் ராணுவக் குதிரைப்படை வந்து பூங்காவைப் பொறுப்பேற்றது, 1918 வரை இருந்தது. வரும் பயணிகளின் துப்பாக்கிகளுக்கு முத்திரை வைத்துத்தான் உள்ளே விட்டார்கள். திருட்டு வேட்டையைத் தடுப்பதுதான் நோக்கம். முதுமலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. இந்தியாவின் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையவே முடியாது. அமெரிக்காவிலும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. ஜனாதிபதி ரேகன் காலத்தில், 1983இல் விதியைச் சற்றே தளர்த்தினார்கள். தோட்டா இல்லாமல், உறையிலிட்டு, எடுத்தவுடன் சுட முடியாதபடி கட்டி வைத்திருந்தால் வண்டியில் கொண்டு வரலாம் என்றார்கள்.

அது தலைகீழானது 2008-09இல். புஷ் நிர்வாகம் போகிற நேரத்தில், 2008 டிசம்பரில், மாநில லைசென்ஸ் உள்ளவர்கள் தோட்டா போட்ட துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போகலாம் என்று ஒரு விதி கொண்டுவந்தது. சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராயாமலே விதி போட்டுவிட்டார்கள் என்று சொல்லி வாஷிங்டன் ஃபெடரல் நீதிபதி காலின் கொல்லர்-கொட்டெலி 2009 மார்ச்சில் தடை விதித்தார். இரண்டே மாதத்தில் ஓக்லஹோமா செனட்டர் டாம் கோபர்ன் அதையே சட்டமாக்கும் திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தார். எதில் சேர்த்தார் தெரியுமா? கிரெடிட் கார்டு கம்பெனிகளின் வட்டி, கட்டணக் கொள்ளையைக் கட்டுப்படுத்தும் மசோதாவில். செனட்டில் 67க்கு 29, கீழவையில் 279க்கு 147. கிரெடிட் கார்டு சீர்திருத்தம் வேண்டும் என்று ஒபாமா மே 22 அன்று கையெழுத்துப் போட்டார். துப்பாக்கியும் கூடவே வந்தது. 2010 பிப்ரவரி 22 முதல் நடைமுறை. தேசியப் பூங்காக்களின் விதி இப்படியொரு பின்வாசல் வழியாக மாறியிருக்கக் கூடாது என்பது என் எண்ணம். காட்டுக்குள் துப்பாக்கி வேண்டுமா என்ற கேள்வியை அதற்கென்றே ஒரு மசோதாவில் வைத்து விவாதித்திருக்க வேண்டும்.

அந்தச் சட்டம் புதிதாக எந்த உரிமையையும் கொடுக்கவில்லை. பூங்கா எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டப்படி ஒருவர் வைத்திருக்கலாம் என்றால், பூங்கா நிர்வாகம் குறுக்கே நிற்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறது. தேசியப் பூங்காக்களுக்கும் தேசிய வன உயிரினப் புகலிடங்களுக்கும் இது பொருந்தும். ஆகவே ஒரே பூங்கா இரண்டு மாநிலத்தில் பரந்திருந்தால் கோட்டைத் தாண்டும் இடத்தில் சட்டமும் மாறும். டெத் வேலி பெரும்பகுதி கலிஃபோர்னியாவிலும் ஒரு மூலை நெவாடாவிலும் இருக்கிறது. நெவாடா லைசென்ஸ்காரர் பூங்காவை விட்டு வெளியே வராமலே கலிஃபோர்னியச் சட்டத்தை மீறிவிடலாம், ஏனென்றால் வேறு எந்த மாநில லைசென்ஸையும் கலிஃபோர்னியா ஏற்பதில்லை.

யெல்லோஸ்டோன் மூன்று மாநிலத்தில் இருக்கிறது. 96 சதவீதம் வயோமிங், மீதி மொன்டானாவும் ஐடஹோவும். மூன்றும் டெக்சாஸ் லைசென்ஸை ஏற்கின்றன, அதனால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. "அங்கெல்லாம் லைசென்ஸே தேவையில்லையாமே" என்று நண்பர்கள் சொல்வார்கள். ஐடஹோவில் லைசென்ஸ் இல்லாமல் மறைத்து வைத்திருக்கும் சலுகை அமெரிக்கக் குடிமக்களையும் ராணுவத்தில் பணியில் இருப்பவர்களையும் குறிப்பிட்டு எழுதப்பட்டது. கிரீன் கார்டுக்காரர் அந்தப் பேச்சை நம்பி லைசென்ஸ் அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

பூங்காவுக்குள்ளும் இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது கட்டடம். ஃபெடரல் ஊழியர்கள் வழக்கமாக வேலை செய்யும் கட்டடங்களில் துப்பாக்கி கூடாது என்று வேறொரு ஃபெடரல் சட்டம் சொல்கிறது, அதைக் கோபர்ன் திருத்தம் தொடவில்லை. விசிட்டர் சென்டர், ரேஞ்சர் நிலையம், நிர்வாக அலுவலகம் எல்லாம் இதில் சேரும். வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கும், படித்துவிட்டு உள்ளே போங்கள். மீறினால் ஓராண்டு வரை சிறை. ஓல்ட் ஃபெய்த்ஃபுல் ஊற்று எப்போது பீறிடும் என்ற நேரத்தைப் பார்க்க எல்லோரும் விசிட்டர் சென்டருக்குள்தான் ஓடுவார்கள், பிள்ளைகள் கழிப்பறை கேட்கும்போதும் அங்கேதான் ஓடுவோம். இடுப்பில் இருப்பதை மறந்துபோய் நுழைவது அப்படித்தான் நடக்கும்.

இரண்டாவது, வைத்திருக்கத்தான் அனுமதி, சுட அனுமதி இல்லை. வேட்டைக்கு அனுமதித்த இடங்கள் தவிர, பூங்காவில் துப்பாக்கியைப் பயன்படுத்துவது இன்றும் தடை. சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 2010இல், மே மாதம், அலாஸ்காவின் டெனாலியில் நடந்துபோன ஒருவர் புதரிலிருந்து வந்த கிரிஸ்லி கரடியை .45 பிஸ்டலால் சுட்டார், கரடி செத்தது. துப்பாக்கி வைத்திருந்தது சட்டப்படி சரி, சுட்டது விசாரணைக்குரியது என்ற நிலை. உயிருக்கு ஆபத்து என்று நிரூபிக்க வேண்டிய சுமை சுட்டவர் தலையில் விழும்.

வழிப்பயணத்துக்கு வருகிறேன். மாநிலம் விட்டு மாநிலம் போகும்போது உதவும் ஃபெடரல் பாதுகாப்பு 1986இலிருந்து இருக்கிறது. கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருக்க உங்களுக்கு உரிமை இருந்தால், நடுவிலுள்ள மாநிலங்களை அதோடு கடந்து போகலாம். தோட்டா கழற்றியிருக்க வேண்டும், துப்பாக்கியும் தோட்டாவும் பயணிகள் கைக்கு எட்டக் கூடாது. உங்கள் வண்டி மினிவேன், அதில் தனி டிக்கி இல்லை. அப்படியானால் பூட்டிய பெட்டி வேண்டும், கிளவ் பாக்ஸும் நடு கன்சோலும் அந்தக் கணக்கில் சேராது. இரண்டு சாவியும் உங்களிடமே இருக்கட்டும், மச்சானிடம் ஒன்று வேண்டாம்.

கொலராடோ டெக்சாஸ்வாசியின் லைசென்ஸை ஏற்கிறது, ராக்கி மவுன்டன் தேசியப் பூங்காவில் அதுவே போதும். ஆனால் 2021இல் கொலராடோ தன் ஊராட்சிகளுக்குச் சொந்தமாகக் கடுமையான விதி போடும் அதிகாரம் கொடுத்தது. 2022 மே மாதம் டென்வர் நகர மன்றம் நகராட்சிக் கட்டடங்களிலும் பூங்காக்களிலும் மறைத்து எடுத்துப்போவதைத் தடை செய்தது. வெளிப்படையாக மாட்டிக்கொண்டு நடப்பது அந்த ஊரில் அதற்கு முன்பே தடை. பிள்ளைகளை விலங்குக் காட்சிசாலைக்கும் இயற்கை அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் இருப்பது சிட்டி பார்க் என்ற நகரப் பூங்காவுக்குள். துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும், வண்டியில் பூட்டுவதற்கும் கொலராடோவில் 2025 ஜனவரி 1 முதல் விதி உண்டு. ஆளில்லாத வண்டியில் கைத்துப்பாக்கி, கடினமான பூட்டுப் பெட்டிக்குள், வெளியே தெரியாமல், வண்டியும் பூட்டியபடி இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தையும் மறந்துவிடாதீர்கள். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது ஃபெடரல் சட்டம். லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்தப் பள்ளி இருக்கும் மாநிலம் கொடுத்த லைசென்ஸாக இருக்க வேண்டும். டல்லாஸில் உங்கள் அட்டை காப்பாற்றும். டென்வரில் பள்ளிக்குப் பின்னாலுள்ள விளையாட்டுத் திடலில் காப்பாற்றாது.

நியூயார்க் விஷயத்தில் எனக்கு ஒரே பதில்தான், டல்லாஸ் வீட்டுப் பெட்டகத்தில் பூட்டி வைத்துவிட்டு விமானம் ஏறுங்கள். நியூயார்க் பிற மாநில லைசென்ஸ் எதையும் ஏற்பதில்லை. அந்த மாநில லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்கு வெளியே தோட்டா போட்ட கைத்துப்பாக்கி வைத்திருந்தால் 15 ஆண்டு வரை போகக்கூடிய குற்றம். டெக்சாஸில் விமானக் கம்பெனியிடம் முறையாகச் சொல்லி, லக்கேஜில் பூட்டிக் கொண்டுவந்த சிலர், திரும்பும்போது நியூயார்க் விமான நிலையத்தில் அதே மாதிரி நேர்மையாகச் சொன்னதற்காகவே கைதாகியிருக்கிறார்கள்.

"2022இல் உச்ச நீதிமன்றம் நியூயார்க் சட்டத்தையே அடித்துவிட்டதே" என்று கேட்பீர்கள். புருயன் வழக்கில், வெளியே துப்பாக்கி வைத்திருக்கத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை 6க்கு 3 என்று ரத்து செய்தது உண்மை. கூட்டமாக இருக்கிறது, போலீஸ் காவல் இருக்கிறது என்பதற்காக மன்ஹாட்டன் தீவு முழுவதையும் தடைப்பகுதி ஆக்க முடியாது என்றும் நீதிபதி தாமஸ் எழுதினார். ஆனால் பள்ளி, அரசுக் கட்டடம் போன்ற 'உணர்வுமிக்க இடங்கள்' தடைக்குரியவையாக இருக்கலாம் என்பதை அந்தத் தீர்ப்பும் ஒப்புக்கொண்டது. தடை வேண்டுமானால் அதற்கு அமெரிக்க வரலாற்றில் முன்னுதாரணம் காட்டு என்பது புதிய அளவுகோல். நியூயார்க் உடனே புதுச் சட்டம் போட்டு, பூங்காக்களையும் விலங்குக் காட்சிசாலைகளையும் பட்டியலில் சேர்த்தது. லைசென்ஸ் உள்ளவரே அங்கே கொண்டுபோனால் 4 ஆண்டு வரை.

அதற்குப் பிறகு நாடு முழுக்க நீதிமன்றங்கள் பூங்காக்களின் பழங்கதையைத் தோண்ட ஆரம்பித்தன. சென்ட்ரல் பார்க் உருவாகிக்கொண்டிருந்த 1850களின் இறுதியிலேயே அங்கே துப்பாக்கி கூடாது என்று விதி இருந்தது கிடைத்தது. ஃபிலடெல்ஃபியாவின் ஃபேர்மவுன்ட் பார்க்குக்கு 1868இல் பென்சில்வேனியா சட்டமன்றமே அப்படியொரு தடை போட்டிருந்தது. நகரத்து மக்கள் உலாவப் பூங்கா என்று ஒன்று தோன்றிய காலத்திலேயே தடையும் தோன்றிவிட்டது என்பதை நியூயார்க் பகுதிக்கான ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் (செகண்ட் சர்க்யூட்) ஏற்று, 2024 அக்டோபரில் நகரப் பூங்காத் தடையை நிறுத்திவைக்க மறுத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை. அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊர்ப்புறத்துப் பெரிய காட்டுப் பூங்காக்களுக்கு இந்த வரலாறு பொருந்துமா என்பதில் தயக்கம் காட்டியது எனக்கு நியாயமாகவே படுகிறது. குழந்தைகள் ஓடியாடும் புல்வெளியையும் நாள் முழுக்க ஆளே கண்ணில் படாத மலைத்தொடரையும் ஒரே சொல்லால் ஆள முடியாது.

மற்ற மாநிலங்களில் விதி எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிக்கவே முடியாது. இல்லினாயில் நகராட்சிப் பூங்காவில் தடை, ஆனால் நீளமான நடைபாதையோ சைக்கிள் பாதையோ நடுவில் கொஞ்ச தூரம் பூங்காவைத் தொட்டுப்போனால் இல்லினாய் லைசென்ஸ்காரர் அதில் போகலாம். ஜார்ஜியாவில் எதிர்த்திசை. அட்லாண்டாவின் பீட்மான்ட் பார்க் அரசு நிலம் என்பதால் லைசென்ஸ்காரர்களைத் தடுக்க முடியாது. சில நாள் வாடகைக்கு இடம் எடுக்கும் விழா நடத்துனர்களும் தடுக்க முடியாது என்ற நிலை வந்தது. 2022இல் அங்கே நடக்கவிருந்த மியூசிக் மிட்டவுன் இசைவிழா ரத்தானதற்கு இந்தச் சட்டமே காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன.

கடைசியாக, நீங்கள் சொன்ன காரணம். கரடி. அலாஸ்காவில் நடந்த மோதல்களைத் தொகுத்து டாம் ஸ்மித்தும் ஸ்டீஃபன் ஹெரேரோவும் சக ஆய்வாளர்களும் 2008இல் கரடி ஸ்ப்ரே (மிளகாய்க் காரத்தைப் பீச்சியடிக்கும் குப்பி) பற்றியும், 2012இல் துப்பாக்கி பற்றியும் ஆய்வு வெளியிட்டார்கள். பழுப்புக் கரடிகளின் தொல்லைதரும் போக்கை ஸ்ப்ரே 92 சதவீதச் சம்பவங்களில் தடுத்து நிறுத்தியது. துப்பாக்கி ஆய்வில் 1883 முதல் 2009 வரையிலான 269 சம்பவங்களை எடுத்துப் பார்த்தார்கள். கைத்துப்பாக்கி 84, நீளத்துப்பாக்கி 76 சதவீதம் பலன் தந்தன. ஆனால் துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் கையில் வைத்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் ஏற்பட்ட காயங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. புதரிலிருந்து பாய்ந்து வரும் மிருகத்தைப் பிஸ்டலால் குறிபார்த்து அடிக்க இரண்டு மூன்று நொடிதான் இருக்கும். சுடும் தளத்தில் காகித இலக்கை அடித்த பழக்கம் அந்த நொடியில் கைகொடுக்காது. ஸ்ப்ரேக்குத் துல்லியமான குறி தேவையில்லை, முன்னால் ஒரு மேகம் எழும்பினால் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதை மச்சான் இடுப்பிலும் மாட்டலாம், உங்கள் மனைவியும் வைத்துக்கொள்ளலாம். யெல்லோஸ்டோனில் அதற்கு அனுமதி உண்டு, பூங்கா நிர்வாகமே எடுத்துப்போகச் சொல்கிறது. பின்னாளில் யோசெமிட்டி போனால் அங்கே ஸ்ப்ரே தடை என்பதையும், விமானத்தில் எந்த லக்கேஜிலும் அதை ஏற்ற முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

என்னைக் கேட்டால் துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். உரிமை இல்லை என்பதால் சொல்லவில்லை, வயோமிங்கில் உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. டென்வர் பூங்காவும் ரேஞ்சர் நிலையமும் மச்சானின் விசாவும் இருக்கும் ஒரு பயணத்தில் பத்து நாளும் ஒரு தடவைகூடத் தவறாமல் இருக்க வேண்டிய பாரம் உங்களுக்கு எதற்கு? வழியில் வயோமிங்கின் கோடி (Cody) என்ற ஊரிலோ ஜாக்சனிலோ ஆளுக்கொரு கரடி ஸ்ப்ரே வாங்குங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். பைக்குள் போடாமல் இடுப்பு பெல்ட்டில் மாட்டுங்கள், பாதுகாப்புக் கொக்கியைக் கழற்றும் விதத்தை வண்டி நிறுத்துமிடத்திலேயே எல்லோரும் ஒருமுறை பழகிவிடுங்கள். கரடியிடமிருந்தும் ஓநாயிடமிருந்தும் 100 கஜம், எருமையிடமிருந்து 25 கஜம் தள்ளி நில்லுங்கள். ராத்திரி சாப்பாட்டுச் சாமானைக் கூடாரத்துக்குள் வைக்காமல் முகாமில் இருக்கும் இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள். பிள்ளைகளின் பற்பசையும் அதற்குள் போக வேண்டும்.